ஜன்னல் சாத்தி வாசித்த பாட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷங்களாகத் தள்ளிப்போட்டு வந்திருக்கிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான், எழுதிப் பழக்கமில்லை. ஆனால் தயக்கத்துக்கு அது காரணமில்லை. வெட்கம்தான் காரணம். இந்த விஷயத்தில் நான் எதைச் சொன்னாலும் கேட்கிறவர்கள் அதை என்னுடைய அடக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். நான் இல்லை, நான் இல்லை என்று சொல்லச் சொல்ல எனக்குப் பேர் கூடுகிறது. அந்தப் பேர் யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவளுக்குக் குறைகிறது. வாயால் சொல்லிப் பார்த்துத் தோற்றுவிட்டேன். எழுதி வைத்தாலாவது நிற்குமா என்று பார்க்கிறேன்.

அவள் பெயரை எழுதமாட்டேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும். என் எழுத்தில் அதைப் போடலாமா என்று அவளிடம் கேட்கவில்லை. கேட்க எனக்கு முகமும் இல்லை.

கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் தெருவிலேயே அவள் வீடு இருந்தது. கிறிஸ்தவக் குடும்பம். அப்பா அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவள் இன்ஜினியரிங் படித்துவிட்டு பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனிக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். நான் ஷாமியானா, சேர், ஜமக்காளம், சமையல் பாத்திரம் எல்லாம் வாடகைக்கு விடுகிறவன். அவற்றை ஏற்ற ஒரு வேன் வைத்திருக்கிறேன்.

அவளைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லு என்று கேட்டால், இடம் விடுவாள் என்று சொல்வேன். எங்கள் தெரு குறுகல். எல்லாரும் வண்டியைக் கோணலாக நிறுத்திவிட்டுப் போய்விடுவார்கள். அவள் ஸ்கூட்டர் மட்டும் சுவரோடு சுவராக ஒட்டி நிற்கும், என் வேன் திரும்புவதற்காக. பேச்சிலும் அப்படித்தான். ஒரு வார்த்தை சொல்லி நிறுத்துவாள். முடிந்துவிட்டது போல என்று நாம் பேச ஆரம்பித்தால், அதற்காகவே காத்திருந்தவள் மாதிரி முழுதாகக் கேட்பாள். என் வீட்டுக்காரிக்கு இது முதலில் ஒத்துவரவில்லை.

"அந்தப் பொண்ணுகிட்ட பேசினா நான் பேசுறது எனக்கே கேக்குதுங்க. இவ்ளோ பேசுறேனான்னு பயமா இருக்குது" என்பாள்.

ஒரு நாள் காலையில் நான் வேனைக் கழுவிக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"அண்ணே, பாண்டிக்கு ஒரு லோடு இருக்குது. ட்ரம்ஸு, ஸ்பீக்கரு, அப்புறம் நாங்க நாலு பேரு."

"என்னா மா, கல்யாணமா?"

"கச்சேரிண்ணே."

"சினிமா பாட்டா?"

"இல்ல."

"சாமி பாட்டா? உங்க சாமியா இருந்தாலும் பரவால்ல, ஏத்திக்கிறேன்."

சிரித்துவிட்டாள். "எந்தச் சாமியும் இல்லண்ணே. கொஞ்சம் கோவமான பாட்டு."

அந்தப் பாட்டு வகைக்குப் பேர் போஸ்ட் பங்க் என்று போகும் வழியில் சொன்னாள். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். "பங்க்னா கோவத்துல கத்துறதுண்ணே. கத்தி முடிச்சப்புறம் கோவம் அப்படியே இருக்கும், ஆனா கத்த மனசு இருக்காது பாருங்க. அப்ப வாசிக்கிறது இது" என்றாள். எனக்குப் புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது.

அவள் வாசித்தது பேஸ் கிட்டார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான்கு தடிமனான கம்பி. எந்தக் கச்சேரியிலும் அதன் வேலை, வீட்டுக்குத் தரை மாதிரி அடியில் கிடப்பது. வீட்டுக்கு வந்தவர்கள் சுவரைப் பார்ப்பார்கள், விளக்கைப் பார்ப்பார்கள். தரையை யாரும் பாராட்டமாட்டார்கள். இவள் குழுவில் அது தலைகீழ். மற்ற கிட்டார் ஓரமாக நின்று சுரண்டிக்கொண்டிருக்கும். பாட்டை எடுத்துக்கொண்டு நடப்பது இவளுடைய பேஸ். அடிக்கம்பியை விட்டுவிட்டு மெல்லிய கம்பியில் மேலே மேலே போய் வாசிப்பாள். போய்க்கொண்டே இருக்கும்போது சட்டென்று கையை எடுத்துவிடுவாள். மாடிப்படி இறங்கும்போது ஒரு படி இல்லாமல் போனால் வயிற்றுக்குள் எப்படி இருக்கும், அப்படி இருக்கும் எனக்கு. கால் விழுவதற்குள் அடுத்த படியைக் கொண்டுவந்து வைத்துவிடுவாள்.

மேடையில் அவள் முகத்தை யாரும் பார்த்ததில்லை. ஜனங்களுக்கு முதுகைக் காட்டி நிற்பாள்.

"ஏம்மா, பாக்க வந்தவங்களுக்கு முதுக காட்டுறியே, மரியாதையா இருக்குமா?" என்று கேட்டேன்.

"ட்ரம்ஸ் அடிக்கிறவன் பெடல் மிதிக்கிற கால பாக்கணும்ணே. என் மொகத்துல என்னா பாட்டா இருக்குது?"

கடலூர் கடற்கரையில் ஒரு விழாவில் அவர்கள் வாசித்தபோது, கூட்டம் சினிமா பாட்டு கேட்டுக் கூச்சல் போட்டது. சோளப்பொரிக் காகிதத்தைச் சுருட்டி எறிந்தார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர், "இந்தக் கருமத்துக்கா வண்டி ஓட்டுற?" என்று கேட்டார். தொழில்தானே என்று சொல்லி நழுவிவிட்டேன். உண்மை அதுவல்ல. அதற்குள் எனக்கு அந்த வாசிப்பின்மேல் பைத்தியமே பிடித்திருந்தது.

வெளியில் சொல்ல வெட்கம். நெற்றி நிறைய விபூதி பூசுகிறவன். திங்கட்கிழமை ஒருபொழுது. மாதம் தவறாமல் சிதம்பரம் போய் நடராஜரைப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. சாமி பேரே இல்லாத பாட்டின்மேல் இப்படி மனசு போகிறதே என்று குறுகிப்போவேன். அவள் கொடுத்த பதிவுகளை வேனில், கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்பேன். யாராவது ஏறினால் தேவாரத்துக்கு மாற்றிவிடுவேன். ஒரு தடவை மறந்துவிட்டேன். என் மச்சான் பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கிறவன். சேத்தியாத்தோப்பில் அவனை ஏற்றிக்கொண்டேன். கொஞ்ச தூரம் வந்ததும் காதைச் சாய்த்துக் கேட்டான்.

"மாமா, வண்டிய ஓரங்கட்டுங்க. கீழ என்னமோ கழண்டுகிட்டு ஆடுது."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லடா."

"டம்மு டம்முன்னு கேக்குது மாமா! இந்தா நின்னுடுச்சு. இந்தா மறுபடியும் ஆடுது. ஆக்ஸில் போயிடப் போவுது!"

இறங்கி வேனுக்கு அடியில் குனிந்தே பார்த்துவிட்டான். இதை அவளிடம் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இதுவரைக்கும் எனக்குக் கிடைச்ச விமர்சனத்துலயே இதுதாண்ணே கரெக்டு" என்றாள்.

அவள் குடும்பம் போகும் சர்ச்சில் ஒரு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்குச் சேர் இறக்கப் போயிருந்தேன். விபூதியோடு உள்ளே போகக் கூச்சப்பட்டு வாசல் ஓரம் நின்றேன். பாடகர் குழுவோடு அவள் பேஸ் வாசித்துக்கொண்டிருந்தாள். எல்லாருக்கும் தெரிந்த பாட்டு போல, சபையே சேர்ந்து பாடியது. கடைசிச் சரணம் வந்ததும் இவள் கையை எடுத்துவிட்டாள். கீபோர்டு வாசித்தவர் பதறிப்போய் அவரும் நிறுத்திவிட்டார். அப்போதுதான் முன்வரிசையில் இருந்த அம்மாக்கள் பாடுவது கேட்டது. ஒருவர் சுதி ஒருவரோடு சேரவில்லை. ஆனால் தங்கள் குரல் தங்களுக்கே கேட்டதும் அவர்கள் இன்னும் ஓங்கிப் பாடினார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வெளியே வந்ததும் கீபோர்டுக்காரர் பிடித்துக்கொண்டார்.

"என்னாச்சு, கம்பி அறுந்துடுச்சா?"

"இல்லண்ணா."

"அப்புறம் ஏன் நிறுத்துன? மானம் போச்சு."

"அவுங்க பாடுறது கேக்கல. அதான்."

"அவுங்க பாடுறத யாரு கேட்டா?"

"அவுங்களே கேக்கலையேண்ணா, இதுவரைக்கும்."

இனி சிதம்பரத்துக்கு வருகிறேன். இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

பதிவு செய்ய ஒரு இடம் வேண்டும் என்று தேடினார்கள். ட்ரம்ஸ் அடிக்கும் பையனுக்குத் தெரிந்தவருடைய மாடி வீடு ஒன்று சிதம்பரம் கீழவீதிப் பக்கம் ஒரு சந்தில் காலியாக இருந்தது. நான்தான் எல்லாவற்றையும் கொண்டுபோய் இறக்கினேன். எதிரொலி வராமல் இருக்கச் சுவரெல்லாம் மறைக்க வேண்டும் என்றார்கள். கல்யாணங்களுக்கு விரிக்கும் என் ஜமக்காளங்களைக் கொண்டுபோய்த் தொங்கவிட்டேன். அந்தப் பாட்டில் என் பங்கு என்று ஏதாவது உண்டென்றால் வண்டியும் ஜமக்காளமும்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் சாயங்காலம் மும்முரமாக வாசித்துக்கொண்டிருந்தபோது கோயிலில் மணி அடித்தது. சாயரட்சை பூஜை. பழக்கதோஷம், எழுந்து தலைக்குமேல் கை கூப்பிவிட்டேன். எழுந்த வேகத்தில் ஸ்டூல் உருண்டு விழுந்தது. எல்லாரும் நிறுத்திவிட்டார்கள்.

"போங்கண்ணே! நல்லா வந்துக்கினு இருந்துச்சு" என்று குச்சியைப் போட்டுவிட்டுச் சிரித்தான் ட்ரம்ஸ் பையன். கூட வந்திருந்த ஒரு சிநேகிதன் அந்தக் கோலத்தை போனில் படம் எடுத்துவிட்டான். படத்தில் நான் கை கூப்பி நிற்பேன்; அவள் முதுகைக் காட்டி நிற்பாள். எனக்கு அன்றைக்கே வெட்கமாகத்தான் இருந்தது.

அவள் கோபப்படவில்லை. தலையைச் சாய்த்து, மணி அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இது தினமும் அடிக்குமா?"

"சாயரட்சை மா. தினமும் உண்டு."

"கரெக்டா இதே டயமா?"

"கிட்டத்தட்ட. அபிஷேகம் அலங்காரம்னு கொஞ்சம் முன்ன பின்ன ஆவும்."

"முன்ன பின்ன ஆவுமா?" என்று திருப்பிக் கேட்டாள். அதுதான் அவளுக்குப் பிடித்தது.

அதன்பிறகு அவள் பட்ட பாட்டை நான் பார்த்தேன். சாயங்காலம் ஆனால் கோபுரத்துக்கு வெளியே வந்து ரோட்டோரம் நிற்பாள். "உள்ளே வாயேன் மா, தரிசனம் பாத்துட்டு வரலாம்" என்றேன். "நீங்க போயிட்டு வாங்கண்ணே. மணி அடிக்கிறத எல்லாரும் கேக்குறாங்க. அது நிக்கிறது எப்படின்னு கேக்குறேன்" என்றாள். திரும்பி மாடிக்குப் போய் வாசிப்பாள். வட்டமாகச் சுற்றிச் சுற்றி வரும் ஒரு வாசிப்பை உண்டாக்கினாள். மணி வரும்வரை அது சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மணி வந்ததும் எல்லாரும் நிறுத்த வேண்டும். மணி நின்று, அதன் ரீங்காரம் முழுக்கப் போவதற்குள் இவள் மட்டும் மேல்கம்பியில் உள்ளே வர வேண்டும். ஒரு நாள் முந்திவிடுவாள். ஒரு நாள் பிந்திவிடுவாள். பூஜை தாமதமானால் மற்றவர்கள் கை ஓய்ந்து திட்டுவார்கள். விரல் நுனி வெடித்துவிட்டது. பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டாள். பிளாஸ்டர் கம்பியில் உரசும் சத்தம் கேட்கிறது என்று அதையும் பிய்த்துப் போட்டுவிட்டு வாசித்தாள். அந்தப் பாட்டு யார் அருளாலும் ஒரே நாளில் வந்து விழவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன், எனக்குத் தெரியும்.

கடைசியாக எல்லாம் கூடி வந்த அன்று, மணிக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது அவள் போய் ஜன்னல்களைச் சாத்தினாள். மேலே இன்னொரு ஜமக்காளத்தையும் மாட்டச் சொன்னாள்.

"ஏய், மணி வர நேரம். இப்பப் போய் சாத்துற?" என்றான் ட்ரம்ஸ் பையன்.

"அது எவ்ளோ நேரம்னு இப்ப நமக்குத் தெரியும் இல்ல? மணி வேணாம்."

"மணி இல்லாம எதுக்குடி நிறுத்துறோம்?"

"வாசி."

அப்படித்தான் அந்தப் பாட்டு பதிவானது. அதில் மணி இல்லை. மணிக்கு விட்ட இடம் மட்டும் இருக்கிறது. வட்டமாக ஓடுகிற பாட்டு சட்டென்று நிற்கும், ஒன்றுமே இருக்காது, தாங்க முடியாது என்கிறபோது அவள் மேல்கம்பி உள்ளே வரும்.

எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. இத்தனை நாள் கேட்டுவிட்டு நடராஜர் மணியை வெளியே நிறுத்திவிட்டாளே என்று. திரும்பி வரும்போது பேசாமல் ஓட்டினேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது. புதுச்சத்திரம் தாண்டும்போது அவளே சொன்னாள்.

"கோவமாண்ணே?"

"எனக்கென்னா கோவம். உன் பாட்டு."

"மணி உள்ள இருந்தா அது உங்களுக்கு மட்டும் பாட்டுண்ணே. இல்லன்னா, கேக்குறவங்க அவுங்க அவுங்களோடத அங்க வெச்சுக்கலாம். நீங்க உங்க மணிய வெச்சுக்குங்க. எங்கம்மா எங்க சர்ச்சு மணிய வெச்சுக்கட்டும்."

"எல்லாரும் வெச்சுக்கிட்டா, அதுல உன்னுது எது?"

"இடம் விட்டது நான்தானே" என்றாள்.

கொஞ்ச நாளில் குழு கலைந்தது. ட்ரம்ஸ் பையன் துபாய் போனான். அவளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்து, அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனாள். போகும்போது பேஸை உறையோடு எங்கள் வீட்டில் கொடுத்தாள். "அங்க சின்ன வீடுண்ணே, இதுக்கு இடம் இல்ல. ஒண்ணே ஒண்ணு, கம்பிய மட்டும் மாத்திடாதீங்க. பழசானாத்தான் இது பேசும்" என்றாள். பரணில் வைத்தோம்.

அந்தப் பாட்டு, சிநேகிதன் எடுத்த படத்தோடு, எப்படியோ இன்டர்நெட்டில் ஊர் ஊராகப் போயிருக்கிறது. சில வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூஜை முடித்துவிட்டு வெளியே வருகிறேன், வாசலில் கறுப்பு டீ-ஷர்ட் போட்ட பிள்ளைகள் நிற்கிறார்கள். சென்னை, பெங்களூர், கேரளாவிலிருந்துகூட ஒரு பெண். சட்டையில் கூப்பிய இரண்டு கை, வெள்ளை அச்சில்.

தாடி வைத்த ஒரு தம்பி முன்னால் வந்து, "சார், அந்தக் கை நீங்கதானே?" என்றான்.

"எந்தக் கை?"

என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "ஐயோ, ஆமாங்க! உங்க கையைச் சட்டைல போட்டிருக்குதுங்க. மொகத்த வெட்டிட்டாங்க, நல்லவேள" என்றாள்.

நான் சுதாரிப்பதற்குள் காலில் விழுந்துவிட்டார்கள். அந்தப் பழைய படத்தை வைத்து அவர்களாக ஒரு கதை செய்துகொண்டிருந்தார்கள். நான் ஏதோ பெரிய சிவனடியாராம். கையை உயர்த்தி, நிறுத்து என்று அவளுக்குச் சொன்னேனாம். அதுதான் அந்த நிறுத்தமாம். இல்லை தம்பி, நான் ஸ்டூலைத் தள்ளிவிட்டவன் என்றேன். "நீங்க இப்படித்தான் சார் சொல்லுவீங்கன்னு தெரியும்" என்று கையைப் பிடித்துக்கொண்டான். கெட்ட பிள்ளைகள் இல்லை. அந்தப் பாட்டை அவர்கள் உயிராக நினைத்தார்கள். கேரளத்துப் பெண், அப்பா இறந்த பிறகு அதைக் கேட்டுத்தான் எழுந்து நடமாடினேன் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தது. ஆனால் வாசித்தவள் முகம் யாருக்கும் தெரியாது. எல்லாப் படத்திலும் முதுகுதான்.

சிதம்பரத்தில் ஒரு லாட்ஜ் மாடி ஹாலில் ரசிகர்கள் கூடுகிறார்கள், நான் வர வேண்டும் என்றார்கள். அன்று சாயங்காலமே அவளுக்கு போன் செய்தேன்.

"உன்ன சாமியாட்டம் கும்புடுறாங்க மா."

"பாட்ட கேக்குறாங்களாண்ணே?"

"உயிர விடுறாங்க."

பிறகு, "பேஸ் இருக்குதா?" என்றாள்.

"பரண்ல இருக்குது. கம்பியத் தொடல."

"இங்க வந்ததுல இருந்து வாசிக்கலண்ணே. கைய வெக்கவே பயமா இருக்குது. நான் வாசிச்சேங்கிறதே பொய்யோன்னு தோணுது." அப்புறம் சட்டென்று சொன்னாள்: "வண்டில எடுத்துட்டு வாங்க. நான் வந்தா வருவேன். தோணுச்சுன்னா வாசிப்பேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க."

சந்தோஷத்தில் எனக்குக் கை கால் ஓடவில்லை. பேஸைத் துணி சுற்றி வேனில் படுக்கவைத்துக்கொண்டு போனேன்.

ஹாலில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். நிறுத்தம் வந்தபோது யாரும் மூச்சு விட்ட மாதிரி தெரியவில்லை. பாட்டு முடிந்ததும் என்னை மேடைக்கு ஏற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். தாடித் தம்பி மைக்கைக் கொடுத்து, "சார், அந்த மௌனத்தை அவங்களுக்கு எப்படிக் கொடுத்தீங்க?" என்று கேட்டான்.

மேடை எனக்குப் பழக்கமில்லை. தகுதியில்லாத பாரத்தை என் தலையில் வைக்கிறார்களே, எப்படியாவது இறக்கிவைக்க வேண்டும் என்பதுதான் என் நினைப்பு. யாராவது பாராட்டினால் எங்கள் குடும்பத்தில் சொல்லிப் பழகிய வார்த்தை ஒன்று உண்டு. அது தானாக வாயில் வந்தது.

"என்கிட்ட என்னங்க இருக்குது. எல்லாம் அந்தத் தில்லைக் கூத்தன் செயல். மணியும் அவனுது, பாட்டும் அவனுது, நிறுத்தமும் அவனுது" என்று சொல்லிக் கை கூப்பினேன்.

ஹாலே எழுந்து கைதட்டியது. சட்டையில் இருந்த கைகளும் மேடையில் இருந்த கைகளும் ஒன்றாகிவிட்டதாக அவர்களுக்குத் தோன்றியிருக்கும். தலை நிமிர்ந்தபோது ஹாலின் கடைசியில், தண்ணீர் கேன் பக்கம், ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் நிற்பதைப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் அவள் யாரென்று தெரியாமல், அவள்மேல் படாமல் விலகி நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டுப் படி இறங்கினாள்.

பொன்னாடையோடு ஓடினேன். வேன் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"நல்லா பேசினீங்கண்ணே."

"வா மா மேல. நான் போய்ச் சொல்றேன், இவதான்னு."

அவள் கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு இத்தனை வருஷம் வலித்திருக்காது. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலக் கேட்டாள்.

"அண்ணே, நீங்க இருந்தீங்க. மணி இருந்துச்சு. நடராஜரு இருந்தாரு. நான் எங்கண்ணே இருந்தேன்?"

அப்போதும் என் வாயில் முதலில் வந்தது, நீயும் அவன் செயல்தானே மா என்பதுதான். நல்லவேளை, விழுங்கிவிட்டேன். அவள் வேனுக்குள் ஏறி, துணியை விலக்கி, உறையைத் திறந்து, கம்பிகளின்மேல் உள்ளங்கையை வைத்தாள். மீட்டவில்லை. சத்தம் வந்துவிடாமல் பிடித்துக்கொள்வது போல இருந்தது. திரும்ப மூடினாள்.

"உங்ககிட்டயே இருக்கட்டும்ணே" என்றாள்.

அவள் யாரிடமோ இரவல் வாங்கிக்கொண்டு வந்திருந்த ஸ்கூட்டர் என் வேன் திரும்ப வாகாக ஓரம் ஒட்டி நின்றிருந்தது. எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் மாடிக்குத் திரும்ப ஏறினேன். சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தாடித் தம்பியைப் பிடித்து, "தம்பி, நான் சொன்னது தப்பு. சாமியும் செய்யல, நானும் செய்யல. எல்லாம் அந்தப் பொண்ணு கஷ்டப்பட்டு யோசிச்சு செஞ்சது" என்றேன். அவன் கண் கலங்கிவிட்டது. "சார், எவ்வளவு பெரிய மனசு! எல்லாப் பெருமையையும் சிஷ்யைக்கே கொடுக்கறீங்களே" என்றான். அப்படியே இன்டர்நெட்டில் எழுதியும் போட்டுவிட்டான். அடுத்து வந்த சட்டையில் கைக்குக் கீழே, மேடையில் நான் சொன்ன வார்த்தையும் அச்சாகியிருந்தது. அவள் வந்துபோனதை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதையும் ஒரு திருவிளையாடலாக ஆக்கிவிடுவார்கள் என்று பயம்.

பொங்கலுக்குப் பொங்கல் அவள் போன் செய்வாள். என் வீட்டுக்காரியின் முட்டிவலியை விசாரிப்பாள். மச்சான் வேனுக்கு அடியில் குனிந்த கதையைச் சொல்லச் சொல்லிச் சிரிப்பாள். அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை எடுத்ததில்லை. அதிலும் எனக்கு இடம் விடுகிறாள். அன்றைக்குத் தப்பு என்னுடையதுதான் என்று நானாகச் சொல்லிவிடலாம்தான். அவள் நிறுத்தி, காத்திருக்கிற இடங்கள் அந்தப் பேச்சில் வரத்தான் செய்கின்றன. ஒவ்வொரு தடவையும் முட்டிவலியைப் பற்றிப் பேசி அதை நிரப்பிவிடுகிறேன்.

பேஸ் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. ஆயுத பூஜை அன்று வேனுக்கு, சமையல் கரண்டிக்கு, அரிவாள்மனைக்கு, தையல் மிஷினுக்கு எல்லாம் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்போம். முதல் வருஷம் என் வீட்டுக்காரி பரணைப் பார்த்துக் கேட்டாள்.

"அதுக்கும் ஒரு பொட்டு வெச்சிடவா?"

"வேணாம்."

"சாமி கோச்சுக்காதா?"

"கோச்சுக்காது. அது அந்தப் பொண்ணோடது."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பொட்டு வைக்காத சாமான் அது ஒன்றுதான். பூஜை முடிந்து கற்பூரத்தை வீடெல்லாம் காட்டிக்கொண்டு வரும்போது அதன் எதிரில் கையை இறக்கிக்கொண்டு தாண்டிப் போகிறேன். சிவசிவா, அப்படிச் செய்வது எனக்குச் சுலபமில்லை.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுதல். அந்தப் பாட்டைப் பிடித்தவர்கள் உங்களுக்குத் தெரிந்திருந்தால் இதை அவர்களிடம் கொடுங்கள். நான் எழுதியபடியே கொடுங்கள். நடுவில் ஒரு வார்த்தையும் சேர்க்காதீர்கள். என் பெருந்தன்மை என்று தயவுசெய்து ஒரு வரி போட்டுவிடாதீர்கள். மணி அடித்தது, நான் ஸ்டூலைத் தள்ளினேன், அவள் ஜன்னலைச் சாத்தினாள். அவ்வளவுதான் நடந்தது. இதில் நான் கும்பிடுகிற அவனைக்கூடக் கொண்டுவந்து வைக்காதீர்கள். அவனிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.